பாட்டில் அணை: அமைப்புச் சிந்தனைக்கு ஒரு முதல் பயிற்சி

மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று செய்தியில் படிக்கிறோம். வரத்தும் வெளியேற்றமும் விநாடிக்கு இத்தனை கனஅடி, இருப்பு டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கனஅடி). விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்து, சொட்டுகூட வெளியேறாவிட்டால் இருப்பு 1 டி.எம்.சி. கூடும். இந்த மூன்றும் எப்படி ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்று பார்ப்பதுதான் அமைப்புச் சிந்தனையின் தொடக்கம். புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே அம்புக்குறிப் படத்தை நீட்டாதீர்கள். தண்ணீரில் கை நனையட்டும்.

2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, 25 செ.மீ. உயரம் நிற்கும்படி வையுங்கள். அடியிலிருந்து 3 செ.மீ. மேலே, பக்கவாட்டில் 6 மி.மீ. துளை. சூடான ஆணியால் துளைப்பதைப் பெரியவர்களே செய்யட்டும், பிசிறுகளைச் சீவிவிடுங்கள். துளையை 0 என்று கொண்டு செ.மீ. கோடுகள் போடுங்கள். 10 லிட்டர் தண்ணீருள்ள டப்பில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் பாட்டிலை நிறுத்தினால், கீழே விழுவதையே மொண்டு ஊற்றலாம்.

இப்போது 6 விநாடிக்கு ஒரு 100 மி.லி. டம்ளர். மூன்று நான்கு நிமிடத்தில் மட்டம் 5 செ.மீ. அருகே நின்றுவிடும். ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், ஆனாலும் ஏறவில்லை! அடுத்து 6 விநாடிக்கு இரண்டு டம்ளர். எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 10 என்று எழுதத்தான் யாருக்கும் தோன்றும். மட்டமோ 20-ஐ நோக்கி ஏறும். வெளியேற்றம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அது இரட்டிப்பாக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். துளை 5 மி.மீ. ஆகிவிட்டால் முதல் கட்டத்திலேயே 10 செ.மீ. வந்துவிடும், இரண்டாவதில் வழியும். துளையைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள்.

மூன்றாவது கட்டம்தான் முக்கியம். ஊற்றுபவர் பாட்டிலைப் பார்க்கக் கூடாது. இன்னொருவர் மட்டத்தைப் பார்த்து, 20 விநாடி கழித்துச் சொல்ல வேண்டும். இலக்கு 10 செ.மீ. "6-தான் இருக்கு" என்று கேட்டதும் அவர் அள்ளி ஊற்றுவார். அதற்குள் மட்டம் மேலே போயிருக்கும். பிறகு நிறுத்துவார், சரிந்துவிடும். 10 விநாடிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்து வரைந்தால் அலை தெரியும். ஊற்றியவரைக் குறை சொல்ல விடாதீர்கள். தாமதத்தை எடுத்துவிட்டால் அதே ஆள் நிதானமாகப் பிடித்துவிடுவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1950-களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைகளில் வேலையாட்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவதை ஆராய்ந்தபோதும், காரணம் ஆலைக்குள் முடிவெடுக்கும் விதத்திலேயே இருந்தது. மருந்து ஒன்றுதான்: கொஞ்சமாக மாற்றுங்கள், தாமதம் கழியும்வரை காத்திருங்கள்.

இனி படம் வரையலாம். ஒன்று கூடினால் மற்றதும் கூடுமானால் அம்பில் +, குறையுமானால் −. பாட்டிலில் உயரம் கூடினால் வெளியேற்றம் கூடும் (+), வெளியேற்றம் கூடினால் உயரம் குறையும் (−). அம்புகள் இப்படிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தால் அது சுழல். சுழலில் − ஒற்றைப்படையாக இருந்தால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டே போகும். போர்வெல்லை வரையுங்கள்: நீர்மட்டம் → துளையின் ஆழம் (−), ஆழம் → இறைப்பு (+), இறைப்பு → நீர்மட்டம் (−). இங்கே − இரண்டு. ஊரே போட்டி போட்டு ஆழப்படுத்தும். பெட்டிக்குள் "நீர்மட்டம் இறங்குதல்" என்று எழுதினால் குறிகள் குழம்பிவிடும். "நீர்மட்டம்" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஏறுவதையும் இறங்குவதையும் அம்பு சொல்லும்.