சின்னப் பிள்ளைக்குப் பிறந்தநாள்: பெரியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோக்களைக் கவனித்திருக்கிறீர்களா? கேக் வெட்டும் கட்டம் வரும்போது அழாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "நல்ல நாளும் அதுவுமா ஏன் இப்படிப் படுத்துது?" என்று சுற்றி நிற்பவர்கள் கேட்பார்கள். பிள்ளை படுத்தவில்லை. நாம் படுத்துகிறோம்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். அழைப்பில் மாலை ஆறரை என்று போட்டால் சொந்தபந்தம் வந்து சேர ஏழரை ஆகும். தாய்மாமன் இன்னும் வண்டி நிறுத்த இடம் தேடுகிறார் என்று காத்திருந்து, கத்தியைக் கையில் எடுக்கும்போது எட்டரை. ஒன்றிரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரம். அன்றைக்கென்று மதியத் தூக்கத்தைப் போட்டோக்காரர் எடுத்துக்கொண்டிருப்பார். மேலே ஜரிகை குத்தும் பட்டுச்சட்டை, காதருகே ஸ்பீக்கர். இதில் பிள்ளை சிரித்தால்தான் அதிசயம். மதியம் தூங்கி எழுந்ததும், நாலு மணி வாக்கில், வீட்டிலேயே கேக்கை வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பெரியவர்களுக்கு விருந்து இரவில் வேண்டுமா? நடக்கட்டும். பிள்ளை உள்ளே தூங்கட்டும்.

அடுத்தது, கைக்குக் கை மாற்றுவது. ஏழெட்டு மாதத்தில் பிள்ளைகள் வேற்றுமுகம் பார்க்கத் தொடங்கும். முதல் பிறந்தநாள் வருவதும் அந்தக் காலத்தில்தான். அப்போது போய், அதுவரை பார்த்தே இராத பெரியப்பா மடியில் உட்காரவைத்து, "பெரியப்பாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று வற்புறுத்தினால் அது கத்தாமல் என்ன செய்யும்? இரண்டு வயதுக்கு மேல் என்றால் "ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" வேறு சேர்ந்துகொள்ளும். சொல்லாவிட்டால் உடனே "கூச்ச சுபாவம்", "அழுமூஞ்சி", "அப்படியே அவங்க அப்பா மாதிரி" என்று முத்திரை குத்திவிடுவோம்.

என்னைக் கேட்டால் பிறந்தநாளில் நடக்கும் பெரிய தவறு இதுதான். வருடத்தில் மற்ற நாளெல்லாம் விட்டுவிட்டு, பிள்ளை களைத்துப்போய், பயந்துபோய், இரைச்சலில் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை வைத்து அதன் குணத்துக்குத் தீர்ப்பு எழுதுவது.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1956இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். கைக்குழந்தையாகப் பார்த்த அதே பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சுமார் 40 சதவீதம் எதற்கும் எளிதில் பழகும் பிள்ளைகள். சுமார் 10 சதவீதம் சமாளிக்கச் சிரமமானவர்கள். சுமார் 15 சதவீதம் புது ஆள், புது இடம் என்றால் முதலில் ஒதுங்கி நின்று, பிறகு மெல்ல ஒட்டிக்கொள்பவர்கள். மீதமுள்ள 35 சதவீதத்தை எந்த வகையிலும் அடக்க முடியவில்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே கைவராததை, நம் வீட்டு அத்தை பஃபே வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுகிறார்.

ஒதுங்கி நிற்பது குறை இல்லை என்பதுதான் அவர்கள் ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம். பிள்ளையின் சுபாவத்துக்கும் சுற்றியிருப்பவர்கள் அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகப் பார்த்தார்கள். ஒதுங்கும் பிள்ளைக்கு ஐம்பது பேர் கூடும் மண்டபம் பொருந்தாது; நாலு பிள்ளைகளும் ஒரு மொட்டைமாடியும் பொருந்தும்.

நட்சத்திரப் பேச்சும் உண்டு. "பரணியா, தரணி ஆளுவான்" என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். "பெண் மூலம் நிர்மூலம்" என்று மூன்று வயதுப் பெண்ணின் தலைக்கு மேல் யாராவது சொன்னால், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அண்ணனோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். புரியாது என்று நினைக்காதீர்கள், புரியும்.

பாதுகாப்பில் சில விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மெழுகுவத்தி எரியும்போது பார்ட்டி ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அந்த டப்பாக்களில் பெரும்பாலும் எரியும் வாயு இருக்கிறது, குப்பென்று பிடித்துக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கும் பறக்கும் பலூனில் ஹைட்ரஜன் இருக்கலாம், அதையும் நெருப்பருகே கொண்டுபோகக் கூடாது. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். நாலு வயதுக்குள் இருப்பவர்களுக்கு முழு திராட்சை, வேர்க்கடலை, பாப்கார்ன் வேண்டாம்.

கடன் வாங்கி மண்டபம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் நிற்பதில்லை. முதல் பிறந்தநாள் நமக்கான கொண்டாட்டம். அப்படி வைத்துக்கொண்டே கணக்குப் போட்டால் செலவு தானாகக் குறையும்.

அவர்களுக்கென்று ஏதாவது செய்ய ஆசை இருந்தால், அந்த வருடம் எப்படி இருந்தார்கள் என்று எழுதிவையுங்கள். அதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. "ரொம்ப சமத்து, கொஞ்சம் பிடிவாதம், எல்லாருக்கும் செல்லம்" என்று எழுதினால் அது எந்த வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தெய்வத்தையும் அரசனையும் குழந்தையாக வைத்துப் பாடினாலும், பருவத்தைப் பிரித்தது பிள்ளை செய்யும் காரியத்தை வைத்துத்தான்: கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டித் தலையசைத்து ஆடினால் செங்கீரை, கை கொட்டினால் சப்பாணி, தளர்நடை போட்டு வந்தால் வாரானை.

நீங்களும் "பிடிவாதம்" என்பதற்குப் பதில் நடந்ததை எழுதுங்கள். செருப்பைத் தானே போடுவேன் என்று கால் மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், இடது வலது மாற்றித்தான் போட்டாள், மாற்றிவிட வந்த தாத்தாவின் கையைத் தட்டிவிட்டு அப்படியே கடைக்கு நடந்தாள். இவ்வளவு போதும். அது பிடிவாதமா, தன்னம்பிக்கையா என்று அவளே ஒரு நாள் படித்துப் பார்த்து முடிவு பண்ணிக்கொள்வாள்.

ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணி நேரத்தில் போய்விடும், நோட்டில் எழுதுங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, ஸ்கூல் யூனிஃபார்ம் மூன்றையும் ஒரே பதிவில் போட்டு ஊருக்குக் காட்டவும் வேண்டாம். அப்புறம், பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ பால்வாடி ஆயாவோ என்றால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள். வீட்டில் பருப்பு சாதத்தைத் துப்புகிறவன் அங்கே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.