பல வருடம் நின்ற டீசல் ரயில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வது எப்படி? புதுத் தொண்டர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில், பாயிண்ட் என்ற இடத்திலிருந்து ஊருக்குள் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26. சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் அதே டர்பனுக்கு வந்து சேர்ந்தது அந்த வருடம் நவம்பர் 16. பிறகு, டர்பன் இருந்த நேட்டால் காலனியின் அரசு ரயில்வே நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக எடுத்துக்கொண்டது. தண்டவாளம் போட்டார்கள், பராமரித்தார்கள். ஆனால் நிறவெறிக் காலத்தில் ஓட்டுநர் இருக்கை வெள்ளையர்களுக்குத்தான். அதனால் நம் பிள்ளைகள் தொண்டர்களாக வந்து, சனிக்கிழமையில் கையில் ஸ்பானரோடு இன்ஜின் மேல் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, தென்னாப்பிரிக்க ரயில்வேயில் 1974இல் பணிக்கு வரத் தொடங்கிய 35-200 வகை டீசல் ரயில் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது எட்டு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) வைத்த, அமெரிக்க இ.எம்.டி. நிறுவனத்தின் 645 டீசல் இன்ஜின். வேறு இன்ஜின் என்றால் அதன் கையேட்டைப் பாருங்கள். எதுவானாலும், அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

1. சுற்றிப் பார்ப்பது

கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டர்பன் கடல் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். புகைபோக்கி மூடாமல் இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். எலி கடித்த வயர்களைத் தேடுங்கள். ஜெனரேட்டரையும் சக்கரங்களைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டார்களையும் எலக்ட்ரீஷியன் மெக்கர் (மின்கசிவு பார்க்கும் கருவி) வைத்துச் சோதிக்கட்டும்.

2. எண்ணெய், தண்ணீர், டீசல், பேட்டரி

கிராங்க்கேஸின் (இன்ஜினின் அடிப்பெட்டி) பக்க மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. டீசல் டேங்கின் அடியில் தங்கிய தண்ணீரை வடியுங்கள், ஃபில்டர்களைப் புதிதாகப் போடுங்கள். பேட்டரி 32 செல், 64 வோல்ட். ஒவ்வொரு செல்லையும் ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தி காட்டும் கருவி) பாருங்கள். ஒன்று செத்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

3. கையால் சுற்றுவது

இந்த ஒரு வேலையை மட்டும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள். கையேடு சொல்வதே, 48 மணி நேரத்துக்கு மேல் நின்ற இன்ஜினைச் கையால் சுற்றிச் சோதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று. பல வருடம் நின்றதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதலில் ஸ்டார்ட்டிங் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே இருந்து ஒரு பம்ப் வைத்து எண்ணெயை உள்ளே அனுப்புங்கள். மேல்மூடிகளைத் திறந்து, ஒவ்வொரு ராக்கர் ஆர்மிலும் (வால்வை அழுத்தும் கை) எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் எட்டு சிலிண்டர்களின் டெஸ்ட் வால்வுகளையும் (உள்ளே இருப்பதை வெளியே விடும் சிறு திறப்புகள்) திறந்துவிட்டு, ஃபிளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) பக்கத்து ஓட்டைகளில் கம்பியைச் செருகி ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

ஒருவர் சுற்ற, இன்னொருவர் வால்வுகளையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். நல்ல சிலிண்டரிலிருந்து காற்று மட்டும் ‘புஸ்’ என்று வரும். ஏதாவது ஒன்றிலிருந்து துருநிறத்தில் சொட்டினாலோ, டீசல் தெறித்தாலோ, “தம்பி, நிறுத்து!” என்று கத்துங்கள். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேகத்தில் சுற்றியிருந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். சிலிண்டர் ஹெட்டில் (மேல்மூடி) விரிசலா, டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரில் ஒழுகலா என்று பார்த்துச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை.

4. ஸ்டார்ட்

வால்வுகளை மூடி, ஃபியூஸைப் போடுங்கள். சுவிட்சை ‘ஃபியூயல் பிரைம்’ (டீசலை முன்கூட்டியே நிரப்புவது) பக்கம் பிடித்திருங்கள். ஃபில்டர் மேல் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். இன்ஜினுக்குப் பக்கத்துக் குமிழில் காற்றுக்குமிழி இல்லாமல் டீசல் நிரம்பி ஓட வேண்டும்; மற்றது காலியாக இருக்க வேண்டும். அதிலும் டீசல் வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

சரி, இப்போது ‘ஸ்டார்ட்’. 20 விநாடிக்கு மேல் சுற்றவிடாதீர்கள். பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். பிடித்ததும் முதலில் வெள்ளைப் புகையாக வரும், பயப்பட வேண்டாம். உங்கள் கண் எண்ணெய் அழுத்த மீட்டரில் இருக்கட்டும். அழுத்தம் குறைந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரே இன்ஜினை நிறுத்திவிடும். அதன் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்கிற ஆசை வரும். காரணம் தெரியாமல் செய்யாதீர்கள். கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி நின்றிருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு எந்த மூடியையும் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சூடான எண்ணெய் ஆவி, காற்றுப் பட்டால் வெடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஐடிலில் (குறைந்த வேகத்தில், சுமையில்லாமல்) ஓடவிட்டு, ஒழுகல் இருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். முதல் நாளே லோடு கொடுக்காதீர்கள்.

5. நிறுத்திய பிறகு

இன்ஜின் நின்றதும் பேட்டரி சுவிட்சைப் பிரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. டர்போவின் பேரிங் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்கு எண்ணெய் ஊட்டும் தனிப் பம்ப் அரைமணி நேரத்துக்கு மேல் தானாக ஓடும். அது நின்ற பிறகு சுவிட்சைப் பிரித்து, புகைபோக்கி ஆறியதும் மூடிவிட்டு இறங்குங்கள்.