எல்லாம் ‘பார்டர்’தான் என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பவர்களுக்கு

வெறும் வயிற்றில் சுகர் 108, பிரஷர் 132/86. “பார்டர்தான், ஒன்றும் இல்லை” என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். வரி வரியாகப் படித்தால் எதுவும் நோயாகத் தெரியாது. சேர்த்துப் படிக்காததுதான் பெரிய தவறு.

இப்படி ‘பார்டர்’ கோளாறுகள் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதற்குப் பெயர் மெட்டபாலிக் சிண்ட்ரோம். அதற்கு இந்த ஐந்தில் மூன்று இருந்தால் போதும். இடுப்புச் சுற்றளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொடுவது, டிரைகிளிசரைடு எனும் ரத்தக் கொழுப்பு 150-ஐத் தொடுவது, ஹெச்.டி.எல். எனும் நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இறங்குவது. பிரஷரில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85. வெறும் வயிற்றில் சுகர் 100. முதலில் சொன்ன ஆளுக்குத் தொப்பையும் இருந்தால் மூன்று ஆகிவிட்டது. அவருக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, சர்க்கரை நோய் ஆபத்து ஐந்து மடங்கு. மாத்திரையால் பிரஷர் இறங்கியிருந்தாலும் அதையும் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

இடுப்பளவு லேப் ரிப்போர்ட்டில் வராது. கேட்டால் பேண்ட் சைஸைச் சொல்வார்கள். அந்த பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்பதைச் சொல்ல மாட்டார்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப்பை வையுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்து யாரை ஏமாற்ற?

கை கால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு நேராகக் கல்லீரலுக்குப் போய், இன்சுலின் சொல்வதைக் கேட்கவிடாமல் செய்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேரும் ஃபேட்டி லிவரும் இந்தக் குடும்பம்தான்.

அப்புறம், மொத்த கொலஸ்ட்ரால் 180 என்றதும் நிம்மதி அடைவது. அதே தாளில் டிரைகிளிசரைடு 240, ஹெச்.டி.எல். 34 என்று இருக்கலாம். உடனே எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு, சோற்றுக்குப் பதில் ஐந்து சப்பாத்தி, சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை என்று மாறுவார்கள். டிரைகிளிசரைடை ஏற்றுவதில் மாவுக்கும் இனிப்புக்கும் பெரிய பங்கு உண்டு. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். தட்டில் மாவைக் குறைத்து, காயையும் சுண்டலையும் கூட்டினால் பலன் தெரியும்.

ஒரே மாதத்தில் 15 கிலோ என்று தொடங்குபவர்கள் இரண்டாவது மாதம் நடைக்கே வருவதில்லை. 80 கிலோ உள்ளவர் நிதானமாக 5, 6 கிலோ குறைத்தாலே இந்த எண்கள் இறங்கத் தொடங்கும்.