கரி வாங்கும்போது தட்டிப் பாருங்கள்

விறகுக்கரி வாங்குமுன் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்த கரி. ஓசை மந்தமாகி, உடைத்த இடம் பழுப்பாகத் தெரிந்தால் அரைவேக்காடு. அடுப்பில் போட்டதும் புகைந்து கண்ணைக் கரிக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுத்த கரி தாராளமாகக் கிடைக்கிறது. சமையலுக்கு அது போதும்.

இஸ்திரிப் பெட்டிக்கு நான் சொல்வது சிரட்டைக்கரிதான். சாம்பல் குறைவு, சூடும் நெடுநேரம் நிற்கும். தண்ணீர் வடிகட்டிகளில் இருக்கும் கரியும் பெரும்பாலும் சிரட்டையிலிருந்து வந்ததே. நீராவியில் பதப்படுத்தி நுண்துளைகளைப் பெருக்கியிருப்பார்கள்.

நிலக்கரி வேறு சங்கதி. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகளுக்காகக் கப்பலில் வந்து இறங்குவது அதுதான். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி. தொலைவுக்குச் சுமந்தால் கட்டுப்படியாகாது என்பதால் சுரங்கத்தின் அருகிலேயே மின்நிலையங்களை அமைத்தார்கள். இரண்டிலும் கந்தகம் உண்டு. கையில் கிடைத்தாலும் வீட்டு அடுப்பில் போடாதீர்கள்.

தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: ஐப்பசி அடைமழையில் குளிருகிறதென்று கரிக்கங்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.