மலை ஊரில் பிசியோதெரபிக்குப் போகிறீர்களா? வலியோடு ரசீதையும் கவனியுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வேர் உள்ள, வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் விடுமுறைக்கு வரும்போது முழங்காலையும் தோளையும் அப்படியே இங்கே காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பது சகஜம். அங்கே ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இங்கே "நாளைக்கே வாங்க" என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் மூன்று வார லீவில் முதல் வாரம் விருந்து, கடைசி வாரம் கல்யாணமும் குலதெய்வமும். நடுவில் மிஞ்சும் ஐந்தாறு நாளில் எந்த ஃப்ரோசன் ஷோல்டரும் (இறுகிப்போன தோள்மூட்டு) திறக்காது, அதற்கு மாதங்கள் ஆகும். குறைந்தது பத்து நாள் தொடர்ந்து போக முடியாதென்றால், சோதித்து உடற்பயிற்சி எழுதித் தரும்படி மட்டும் கேளுங்கள். வந்த இரண்டாம் மூன்றாம் நாளே முதல் முறை போய்விட வேண்டும். வலி எங்கே, எப்போது கூடுகிறது என்று கேட்டு, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டர் வைத்து அளந்து, தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பார்க்க முக்கால் மணி நேரமாவது ஆகும். உட்கார வைத்த ஐந்தாவது நிமிடமே கரண்ட் (வலிக்கான மின் சிகிச்சை) வைக்கிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.

விமானத்தில் நீண்ட நேரம் உட்கார்ந்து வந்த பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதை யாரும் தேய்த்துவிட விடாதீர்கள். நரம்பு இழுத்திருக்கிறது என்று வீட்டில் எண்ணெயோடு வருவார்கள். ரத்தம் உறைந்த கட்டியாக இருந்தால் தேய்ப்பதில் அது நுரையீரலுக்குப் போகலாம். முதலில் மருத்துவமனை, டாப்ளர் ஸ்கேன். முதுகுவலியோடு சிறுநீர் போகாமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அதுவும் பிசியோதெரபி வேலை இல்லை, அன்றைக்கே அவசரப் பிரிவு.

கோவையில் எடுக்கும் டாக்ஸிக்கு இ-பாஸ் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் பாதையும் போடுவார்கள். அதனால் மே மாதத்தில் காலை 10 மணிக்கு கீழே இருந்து வந்து சேர்ந்துவிடலாம் என்று நேரம் வாங்காதீர்கள். முதுகு மோசமாக இருந்தால் முன் சீட்டு, வழியில் ஒருமுறை இறங்கி நடை. சிறிய கிளினிக்குகள் பல மதியம் பூட்டி மாலையில்தான் திறக்கும்.

இனி ரசீது. சிகிச்சையைவிட இதுதான் அதிகம் வதைக்கிறது, அதனால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பயணக் காப்பீடு பெரும்பாலும் பழைய நோவை ஏற்காது. ஊட்டி சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகினால் ஏற்கும், ஆனால் அதற்கும் ஒரு டாக்டரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தின் தேதி முதல் சிகிச்சைக்கு முந்தியதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். கிளம்பும் நாளில் நினைவு வந்து டாக்டரிடம் ஓடினால், நேர்மையானவர் முன்தேதி போட மாட்டார். போடவும் சொல்லாதீர்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல் ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் அதுவே அப்பாவின் முழுப்பெயராக, குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கிளினிக்கில் "க. ராஜேந்திரன்" என்று எழுதித் தருவார்கள், காப்பீட்டுக்காரர் கணினியிலோ உங்கள் பெயர் கருப்பையா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அங்கிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டாலும், இங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது. முதல் நாளே பாஸ்போர்ட் நகலை மேஜையில் வைத்து, அதில் உள்ள எழுத்துகளிலேயே நோட்டிலும் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். "வெளிநாட்டுக்காரங்க ரொம்பக் கறார்" என்று முணுமுணுப்பு வரும், வரட்டும்.

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் ஐந்து, அமெரிக்காவில் மே ஆறு, அதாவது நீங்கள் விமானம் ஏறுவதற்கு முந்திய நாளாகக்கூட இருக்கலாம். "பிசியோ 10 நாள்" என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டால் செல்லாது. ஒவ்வொரு நாளுக்கும் தேதி, என்ன செய்தார்கள், எவ்வளவு என்று தனித்தனி வரி வேண்டும். நோயின் குறியீடு கேட்பார்கள், முழங்கால் தேய்மானத்துக்கு எம்17, ஃப்ரோசன் ஷோல்டருக்கு எம்75.0. சிகிச்சை கொடுத்தவரின் பெயர், பட்டம், பதிவு எண், கையெழுத்து, முத்திரை. முத்திரை தொகையின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லையென்று திருப்பி அனுப்பினால், இந்தியாவில் மருத்துவச் சேவைக்கு அந்த வரி விலக்கு என்று பதில் எழுதலாம்.

பணம் யார் கட்டினார் என்பதும் ஒரு வழக்கு. வெளிநாட்டு அட்டை சின்ன கிளினிக்கில் ஓடாமல் போகும், உடனே மச்சான் தன் போனில் ஜிபே போட்டுவிடுவார். அன்புதான். ஆனால் காப்பீட்டில் கட்டியவர் வேறு ஆள் ஆகிவிடுகிறார். ரொக்கமாகக் கட்டி "நோயாளியிடமிருந்து ரொக்கம் பெறப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே சொந்தக்காரர் சிபாரிசு. "நம்ம பையன்தான் வெச்சிருக்கான், அங்கேயே போ" என்று சித்தப்பா சொன்னால் மறுக்க முடியாது. அங்கே போனால் பாதிப் பணம்தான் வாங்குவார்கள், பில் கேட்டால் முகம் வாடும், நேரம் கேட்டால் "எப்ப வேணா வாங்க", ஒரு நாள் போகாவிட்டால் அது சித்தப்பா வழியாக வீட்டுக்கு வரும். பிறகு அந்தப் பையனின் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை பார்த்துத் தரும் பேச்சும் தொடங்கும். பத்து வருடமாக ஊரில் எந்தக் காரியத்துக்கும் வராத நீங்கள் எப்படி மறுப்பீர்கள்? உறவுக் கடனைத் தீர்க்க வேறு வழி தேடுங்கள். சிகிச்சைக்கு உங்களை யாரென்று தெரியாத இடம் நல்லது. நான்கரை ஆண்டு பிபிடி (பிசியோதெரபிப் பட்டம்) படித்தவரா, பெண்களுக்குப் பெண் தெரபிஸ்ட் உண்டா, கிளினிக் எத்தனை படி ஏறிப் போக வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். மலை ஊரில் தரைத்தளம் என்று சொல்வதற்குச் சாலையிலிருந்து இருபது படி இறங்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரே படம், எம்ஆர்ஐ இருந்தால் அதன் அறிக்கை, அறுவை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, காலில் எவ்வளவு எடை போடலாம் என்ற சர்ஜனின் குறிப்பு, மாத்திரைப் பட்டியல் எல்லாம் காகிதமாகவே இருக்கட்டும். பேஸ்மேக்கர் இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், கரண்ட் சிகிச்சை கூடாது. உடம்பில் பிளேட், ஸ்க்ரூ இருந்தால் ஷார்ட்வேவ் டயத்தர்மி (மின்காந்த அலையால் உள்ளே சூடேற்றுவது) கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு ஹாட்பேக் ஆபத்து, சுடுவதே தெரியாது. அந்தப் பை கொதிகலனிலிருந்து 70 டிகிரிக்கு மேல் சூட்டில் வருகிறது, ஆறேழு மடிப்புத் துண்டு வைத்து 15, 20 நிமிடம்தான்.

தைலம் தனி விஷயம். நீலகிரித் தைலமோ வின்டர்கிரீன் எண்ணெயோ தேய்த்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகாதீர்கள். அதன் மேல் சூட்டு ஒத்தடம் வைத்தால் தோல் வெந்துவிடும், கரண்ட் பேடும் சரியாக ஒட்டாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வின்டர்கிரீனைத் தொடவே வேண்டாம், தோல் வழியாக உள்ளே போய் ரத்தத்தை இன்னும் இளக்கும். பை நிறைய வாங்கி வெளிநாட்டில் விநியோகிக்கும் மாமாக்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போகச் சொல்வார்கள். எலும்பு தேய்ந்த வயதில் முறுக்கினால் முறியும்.

கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில். உயரம் மணிக்கட்டு மடிப்பு வரை. மலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலை வாட்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தடியின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் பனி ஈரத்தில் சறுக்கும், புதிது சில ரூபாய்தான்.

இதையெல்லாம் படிப்பவர் பலருக்கு நோயாளி தாங்கள் அல்ல, அம்மா. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறித்தவர்கள், அவர்களுக்கு முன்பே இங்கிருந்தவர்கள், எல்லோருக்கும் முதுகும் முழங்காலும் சரிவிலேயே தேய்ந்தவை. என்ன வேலை, எத்தனை வருடம் என்று தெரபிஸ்டிடம் நீங்கள் சொல்லுங்கள், அம்மா "ஒண்ணுமில்ல சார், லேசா வலி" என்றுதான் சொல்வார். ஒரு மாதத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு விமானம் ஏறுவது எளிது. நீங்கள் போனதும் ஆட்டோ செலவு என்று அவர் நான்காம் நாளே நிறுத்திவிடுவார். வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் வாரம் இருமுறை போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியச் சொல்லி நீங்களே கூடப் போங்கள்.

பயிற்சி மூன்றுக்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டுங்கள். வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்த்து நலம் விசாரித்து முடிக்காதீர்கள். போனை ஒரு ஸ்டூல் மேல் முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் சாய்த்து வைக்கச் சொன்னால் கால் எவ்வளவு மடங்குகிறது என்பது தெரியும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழச் சொல்லுங்கள், எண்ணுவது நீங்கள். நேர வித்தியாசத்தைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் காலை குளிரில் மூட்டு இறுகியிருக்கும், 11 மணிக்கு வெயில் வந்த பிறகு கூப்பிடுவது நல்லது. டொரண்டோவில் அது நள்ளிரவுக்குப் பிறகு.