பழைய வாடிக்கையாளர் வழி தவறாமல் வணிக இணையதளத்தைப் புதுப்பிப்பது எப்படி?

பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம், அதுவரை அமேசானின் கட்டமைப்பில் இயங்கிய தன் இணையக் கடையை 2014 பிப்ரவரியில் புதிய இணையதளத்துக்கு மாற்றியது. பழைய வாடிக்கையாளர்கள் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கோடைக் காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. தளத்தின் தோற்றத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் வாடிக்கையாளருக்குப் பழகிவிட்ட முகவரியும் கணக்கும் கைநழுவக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

படி 1: கணக்கெடுப்பு

தளத்தில் உள்ள எல்லாப் பக்க முகவரிகளையும் ஒரு விரிதாளில் எழுதுங்கள். ஸ்க்ரீமிங் ஃபிராக் மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை திரட்டித் தரும். அதோடு நிறுத்திவிடாமல், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதங்களில் மக்கள் எந்தெந்தப் பக்கங்களுக்கு வந்தார்கள் என்பதையும் பாருங்கள். மெனுவில் எங்குமே இல்லாத பழைய விலைப்பட்டியல் பிடிஎஃப் ஒன்றைத்தான் பலரும் தேடி வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

படி 2: முகவரிகள்

முடிந்தவரை பழைய முகவரிகளையே வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. மாற்றியே தீர வேண்டுமென்றால், ஒவ்வொரு பழைய முகவரிக்கும் நேர் எதிரே அதே பொருளைப் பேசும் புதிய முகவரியை விரிதாளில் குறித்து, பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் 301 என்னும் நிரந்தரத் திசைதிருப்பலைச் சர்வரில் அமையுங்கள். 302 தற்காலிக மாற்றத்துக்கு மட்டுமே உரியது. வேலையைச் சுருக்குவதற்காக எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவோர் பலர். அப்படிச் செய்தால், குறிப்பிட்ட பொருளைத் தேடி வந்தவர் அதைக் காணாமல் திரும்பிப் போவார். கூகுளும் அந்தப் பழைய பக்கங்களை இல்லாதவையாகவே கருதும். திசைதிருப்பல்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் பரிந்துரைக்கிறது. நான் அவற்றை நீக்கவே வேண்டாம் என்பேன், ஏனெனில் அச்சிட்ட விளம்பரத் தாளிலும் பிறர் தளங்களிலும் உள்ள பழைய இணைப்புகள் காலாவதியாவதில்லை.

படி 3: சோதனைத் தளம்

புதிய வடிவத்தைக் கடவுச்சொல்லால் பூட்டிய தனி முகவரியில் அமையுங்கள். பழைய வாடிக்கையாளர் ஐந்தாறு பேரை அழைத்து, வழக்கமாகச் செய்யும் ஆர்டரை அங்கே செய்யச் சொல்லி, உதவாமல் கவனியுங்கள். அவர்கள் தயங்கி நிற்கும் இடங்களே திருத்த வேண்டிய இடங்கள். ஏற்கெனவே உள்ள கணக்கும் கடவுச்சொல்லும் புதிய தளத்தில் அப்படியே வேலை செய்கின்றனவா என்பதைக் கட்டாயம் சோதியுங்கள்.

படி 4: மாற்றும் நாள்

சர்வரும் மாறுகிறது என்றால், தளத்தின் பெயரைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை, அதாவது அந்தப் பதிவைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, ஓரிரு நாள் முன்னரே 300 நொடிகளாகக் குறையுங்கள். மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவுகளைத் தொடாதீர்கள், தொட்டால் அலுவலக அஞ்சல் நின்றுபோகக்கூடும். முழு பேக்கப் எடுத்த பின்னர், வாரத்தின் நடுவில், வருகை குறைந்த நேரத்தில் மாற்றுங்கள். ‘இதைத் தேடலில் காட்டாதே’ என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியைச் சோதனைத் தளத்தில் வைத்திருந்தால், அதை உடனே நீக்குங்கள். அது நீடித்தால் தளம் தேடலிலிருந்து மறைந்துவிடும்.

படி 5: கண்காணிப்பு

முதல் சில வாரங்களுக்கு சர்வர் பதிவேட்டில் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழைகளைத் தினமும் பார்த்து, விடுபட்ட முகவரிகளுக்குத் திசைதிருப்பல் சேருங்கள். அந்தப் பிழைகள் அடங்கும்வரை பழைய சர்வரை ரத்து செய்யாதீர்கள்.