அம்பை விட்ட பிறகும் வேலை இருக்கிறது: ஜப்பானிய வில்வித்தையிலிருந்து ஒரு பழக்கம்

சாமுராய் படத்தைப் போட்டுக் கீழே நாலு வரி தத்துவம் எழுதிய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் உங்களுக்கும் வந்திருக்கும். அதைப் படித்துத் திருந்திய ஒருவரையும் நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். ஜப்பானியத் தற்காப்புக் கலைகளைக் கற்றுத்தரும் இடத்தில் தத்துவத்தை யாரும் உட்கார வைத்துப் பேசுவதில்லை. காலை எங்கே வை, மூச்சை எப்போது விடு, கண்ணை எங்கே நிறுத்து என்று உடம்புக்குத்தான் பாடம் நடக்கும். அதனால் இங்கே ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ஸான்ஷின். 'எஞ்சி நிற்கும் மனம்' என்று சொல்லலாம்.

வேலைக்காக ஜப்பானில் இருந்தபோது கியூதோ என்கிற வில்வித்தையின் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தேன். வில் என்னைவிட உயரம், 2 மீட்டருக்கும் மேலே. இலக்கு 28 மீட்டர் தள்ளி இருக்கும், அதன் விட்டம் வெறும் 36 செ.மீ. ஆரம்பத்தில் அதைக் கண்ணால் பார்த்ததோடு சரி. ரப்பரை இழுத்துப் பழகி, அப்புறம் இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும் வைக்கோல் கட்டில் எய்து பழகி, அதற்குப் பிறகுதான் இலக்குப் பக்கம் விட்டார்கள். ஒரே ஒரு அம்பு எய்வதை எட்டு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். காலை ஊன்றுவது முதல் நிலை, அம்பை விடுவது ஏழாவது. எட்டாவதுதான் ஸான்ஷின். அம்பு போய்விட்டது, இனி நாம் செய்ய ஒன்றுமில்லை, ஆனாலும் இரண்டு கையும் விரிந்தபடி, பார்வை இலக்கின் மேலேயே சில நொடி நிற்க வேண்டும். முதல் அம்பு இலக்கில் பட்ட சந்தோஷத்தில் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஆசிரியர் அம்பு பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னும் முடியவில்லை" என்றார், அவ்வளவுதான்.

வாள்பயிற்சியான கெண்டோவில் இது விதியாகவே இருக்கிறது. அடி சரியாக விழுந்தாலும், அடித்த பிறகு எதிராளி மேல் கவனம் இல்லையென்றால் அது புள்ளி ஆகாது. ஜெயித்துவிட்டோம் என்று கையை உயர்த்திக் குதித்தால் கொடுத்த புள்ளியையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரிந்தது.

சரி, வீட்டில் செய்து பார்ப்போம்.

படி 1: ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தினமும் வருவதாகவும், தெளிவான ஒரு முடிவு உள்ளதாகவும் இருக்கட்டும். அடுப்பை அணைப்பது, வீட்டைப் பூட்டுவது, அலுவலக மெயில் அனுப்புவது, இவற்றில் ஏதாவது ஒன்று. 'நிதானமாக வாழ்வது' என்றெல்லாம் எடுத்துக்கொண்டால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

படி 2: தொடங்கும் முன் பாதங்கள் தரையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உட்கார்ந்து செய்யும் வேலை என்றாலும் இதேதான். ஒரு நொடி போதும்.

படி 3: விடுவதற்கு முன் பிடித்து நில்லுங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். வில்லை முழுதாக இழுத்த பிறகு உடனே விடக் கூடாது, அந்த நிலையில் தங்க வேண்டும். இந்த ஆறாவது நிலைக்குக் 'காய்' என்று பெயர் (நம்ம ஊர்க் காய் இல்லை, 'சந்திப்பு' என்று பொருள்). இதில் வரும் கோளாறுக்கு ஹயாகே என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பிடித்து நிற்க வேண்டும் என்று மனசு நினைக்கும், அதற்குள் கை தானாக அம்பை விட்டுவிடும். நன்றாக எய்துகொண்டிருந்தவர்களையும் திடீரென்று பிடிக்கும், வருடக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோபமாக ஏதோ தட்டி, அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கட்டைவிரல் அனுப்பிவிடுகிறதே, அதுவேதான். மெயிலை எடுத்துக்கொண்டீர்கள் என்றால், எழுதி முடித்ததும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்து ஒரு மூச்சு முழுதாக விடுங்கள். பிறகு பெறுநர் பெயரை ஒரு தடவை படியுங்கள். அப்புறம் அனுப்புங்கள்.

படி 4: முடித்ததும் அங்கேயே நில்லுங்கள். அடுப்பை அணைத்தால் திருகிலிருந்து கையை எடுக்காமல் தீ அடங்கியதைக் கண்ணால் பாருங்கள், ஒரு மூச்சு விட்டுவிட்டு நகருங்கள். பூட்டினால் சாவியைப் பையில் போடும்வரை பார்வை கதவில்தான். போன் அடித்தால் அடிக்கட்டும். பேருந்து நிறுத்தத்துக்குப் பாதி வழி போன பிறகு 'பூட்டினேனா?' என்று திரும்பி வருகிற ஆள் நான். இப்போது அது ரொம்பக் குறைந்துவிட்டது, பூட்டிய அந்த நொடி ஞாபகத்தில் பதிந்திருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு தடவைதான் பார்க்க வேண்டும். மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது பயம், ஸான்ஷின் இல்லை.

படி 5: அம்பைப் பொறுக்கப் போங்கள். எய்த அம்புகளை எடுக்கப் போகும்போது, மற்றவர்கள் எய்யாமல் இருக்கக் கையைத் தட்டி, சிவப்புக் கொடி காட்டிவிட்டுத்தான் இலக்குப் பக்கம் நுழைவார்கள். எடுத்த அம்பின் நுனியில் ஒட்டிய மண்ணைத் துணியால் துடைப்பார்கள், பட்ட அம்பையும் படாத அம்பையும் ஒரே மாதிரி. இரவு படுக்கும் முன், அன்றைக்கு எத்தனை முறை நின்றோம், எத்தனை முறை கை முந்திக்கொண்டது என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் போட வேண்டாம், நான் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன், ஒரு வாரத்தில் நோட்டுதான் பெரிய வேலையாகிவிட்டது.

இரண்டு வாரமாவது அதே ஒரு வேலையோடு இருங்கள். பிறகு இரண்டாவதைச் சேர்க்கலாம். நான் பூட்டில் தொடங்கி, மெயிலுக்கு வந்து, இப்போது போன் பேச்சில் இருக்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் வைக்கும்வரை நான் வைப்பதில்லை. அம்மாவும் அதே மாதிரி காத்திருக்கிறார் என்பது போன மாதம்தான் தெரிந்தது. இரண்டு பேரும் வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம், கடைசியில் அவரே "என்னடா, இருக்கியா?" என்றார்.